உபதேசமும் உரையாடலும்

சென்ற விடுமுறையின்போது, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். இப்பொழுது அவர் மருத்துவ பீடத்தில் நான்காம் ஆண்டில் பயில்கிறார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். நீரிழிவு நோயாளி ஒருவருக்கு உணவு, நடைப்பயிற்சி, மருந்து ஆகியன பற்றி வைத்தியர் ஆலோசனை கூறுவதாக ஓர் உரையாடல் எழுதிப் பழகுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம். "சேர், இதிலை தமிழ் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றுதானும் இல்லை. ஒற்றெழுத்துக்கள் யாவும் இருக்கவேண்டிய இடங்களில் இருந்தன. வைத்தியருக்குரிய வாக்கியங்கள் பதினெட்டு. அவற்றுட் பதினாறு, "குறையுங்கள்", "தவிருங்கள்", "மறவாதீர்கள்" என்றவாறு ஏவலில் முடிந்தன. நோயாளிக்கு உரியன மூன்றே வாக்கியங்கள். மூன்றும் ஒன்றே: "ஓம் டொக்டர்."

பயிற்சி வகுப்பில் நோயாளியாக நடித்த சக மாணவர் எழுதியபடியே "ஓம் டொக்டர்" என்று சொன்னார். எம் மாணவருக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. பின்னர் அவர் பயிலச் சென்ற வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்கில், உண்மையான மூதாட்டி ஒருவரிடம் அவ்வசனங்களையே சொல்லியிருக்கிறார். அம்மூதாட்டியும் "ஓம் தம்பி" என்றார். அடுத்த மாதம் அவரது குருதியிற் சீனியின் அளவு முன்னிலும் கூடியிருந்தது. மாணவர் மீண்டும் சொன்னார். மீண்டும் "ஓம் தம்பி" என்ற விடையே வந்தது. "மனுசி ஓம் எண்டுதானே சேர் சொன்னவ?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் உண்மையான திகைப்பு இருந்தது.

இக்கட்டுரை அந்த "ஓம்" என்னும் சொல்லைப் பற்றியது.

மருத்துவக் கல்வி பற்றிய ஒரு விஷயத்தை இலக்கிய ஏடொன்றில் ஆராய்வது பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. சத்திர சிகிச்சை செய்பவருக்குக் கத்தி கருவியாகிறது. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவருக்குக் குளிசை கருவியாகிறது. நோய் வருமுன் காக்கப் புறப்படும் வைத்தியருக்கோ பல வேளைகளிற் சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை. சொல்லைக் கருவியாகக் கொண்ட எத்தொழிலும் எம் விசாரணைக்கு உட்பட்டதே. அச்சொல் யாருடைய வாயிலிருந்து, யாரை நோக்கி, எந்த உறவின் அடிப்படையிற் பிறக்கின்றது என்ற கேள்வி விமரிசகனுடைய கேள்வியாகும்.

இன்று இக்கேள்வி முன்னெக்காலத்திலும் பார்க்க அவசரமானது. எம் பாட்டன்மார் காலத்திற் கொன்ற நோய்கள் வேறு. அம்மைக்குப் பால் குத்தும் முறை இருந்தது; கொழுக்கிப்புழுவுக்கு மலகூடம் கட்ட வேண்டியிருந்தது; மலேரியாவுக்கு நுளம்பை ஒழிக்க வேண்டியிருந்தது. அவை எளிதாக முடிந்தன என்று கூறவில்லை. மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழை இலங்கை 2016-இல்தான் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றது. எனினும் அப்போர்களில் எதிரி வெளியே நின்றான். இன்று இந்நாட்டில் இறப்புக்களின் பெரும்பகுதிக்குக் காரணமாகும் இருதய நோய், நீரிழிவு, குருதியமுக்கம், புற்றுநோய் முதலியன மனிதன் உண்பது, புகைப்பது, உழைப்பது, உறங்குவது ஆகிய அன்றாட வாழ்க்கையினூடே வருவன. அன்றாட வாழ்க்கைக்கு மருந்து தெளிக்க இயலாது. மனிதனோடு பேசியே ஆகவேண்டும்.

நோய் வராமற் காக்கும் கல்வி எமக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயிலே தமிழ்மொழி மூலமே மேலைத்தேய மருத்துவத்தைப் போதித்தார். 1850-களில் அவர் தமிழாக்கிய முதற் பெருநூலின் பெயர் "அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்" என்பது. அங்காதிபாதம் உடலின் அமைப்பு. சுகரணவாதம் உறுப்புக்களின் தொழில். உற்பாலனம் உடலைப் பேணிக் காத்தல். முதற் பாடநூலின் தலைப்பிலேயே மூன்றிலொரு பங்கு காத்தலுக்கு உரியதாயிருந்தது. 1926-இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, தாய் சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு, சுகாதாரக் கல்வி ஆகியவற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்லும் ஒழுங்கு உருவாயிற்று. மருத்துவ பீடங்களில் இன்று சமுதாய மருத்துவம் தனித்துறையாகவே கற்பிக்கப்படுகின்றது.

ஆனாற் பாடம் இருப்பது வேறு, அதற்கு மதிப்பு இருப்பது வேறு. மாணவரின் மனத்தில் மருத்துவம் என்றால் வைத்தியசாலைக் கட்டில்தான். நெஞ்சுவலியோடு வந்தவனை எழுப்பி அனுப்பிய வைத்தியருக்குக் குடும்பமே கைகூப்பி நன்றி கூறும். வராத நோய்க்கு நன்றி கூறுவார் யார்? ஆங்கிலேயத் தொற்றுநோயியலறிஞரான ஜெப்றி றோஸ் 1980-களில் இம்முரணை நன்கு எடுத்துக்காட்டினார். சமுதாயம் முழுவதற்கும் பெருநன்மை தரும் தடுப்பு நடவடிக்கை, அதில் ஈடுபடும் ஒவ்வொரு தனிமனிதனுக்கும் மிகச் சிறிதளவு பயனையே தரும் என்பது அவர் கண்டது. இப்படியான துறையில் மாணவர் வீரநாயகனாக முடியாது. எனவே அதைச் சோதனைக்குரிய பாடமாகப் படித்துவிட்டு, நோயாளி முன் வந்தவுடன் தாம் சிறுவயதிற் கேட்டுப் பழகிய குரலிற் பேசத் தொடங்குகிறார். அக்குரல் யாருடையது?

அது எங்களுடைய குரல் என்பதை நான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழாசிரியர்களாகிய எங்களுடையது.

எம் பிள்ளைகள் தமிழிற் பயிலும் முதல் அறநூலான ஆத்திசூடி, ஏவலும் எதிர்மறை ஏவலுமாக அமைந்தது. செய், செய்யாதே என்ற இரண்டு அச்சுக்களில் வார்க்கப்பட்டது. குழந்தைகளின் நாவுக்கும் நினைவுக்கும் அவ்வடிவம் உகந்ததே. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வளர்ந்தவர்களோடு பேசுவதற்கும் அந்த ஒரு வடிவமே தமிழில் உண்டு என்று எண்ணச் செய்தோமே, அதுதான் எமது குறை. பிள்ளை பதினொரு ஆண்டுகள் தமிழ் படிக்கிறது. கட்டுரை எழுதக் கற்கிறது, மேடையிற் பேசக் கற்கிறது, பட்டிமன்றத்திற் பிறரை வெல்லக் கற்கிறது. ஒருவர் பேசுவதைக் கேட்டு, அவர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் விளங்கிக் கொள்வதற்கு எம் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரமேனும் உண்டா? நாம் உபதேசிகளை உருவாக்கிவிட்டு, வைத்தியர்கள் உபதேசிக்கிறார்களே என்று குறைப்படுகிறோம்.

இவ்விடத்தில் திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தைச் சற்று நோக்குவோம். "மருந்து" என்பது அதன் பெயர். ஆயினும் அதிலுள்ள பத்துக் குறள்களுள் முதல் ஏழும் நோயின் தோற்றத்தையும் உணவின் அளவையும் பற்றியன. சிகிச்சையைப் பற்றியன இறுதி மூன்றே. நோய் வருமுன் காத்தலுக்கு மருந்தென்ற பெயரையே சூட்டிய இவ்வமைப்பு வியப்புக்குரியது. அதனினும் முக்கியமான ஒன்றுண்டு. சிகிச்சை பற்றிய குறள்களில் வள்ளுவர் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராயும்படி வைத்தியனுக்குக் கூறுகின்றார். மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கும்போது நோயுற்றவனையே முதலாவதாக வைக்கின்றார். நோயாளி வைத்தியத்தை ஏற்றுக்கொள்ளும் வெறும் பாத்திரமல்லன். வைத்தியத்தின் ஓர் அங்கம். ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. உணவு பற்றிய குறள்களிற் பெரும்பாலானவை, முன்னுண்டது செரித்தபின் அளவாக உண்ணுமாறு, உண்ண உள்ளவனுக்குக் கூறப்பட்டவை. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவன் அந்த அதிகாரத்திற் கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்குறையை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

உபதேச முறைக்கு மாறான ஒரு முறை மேலைநாடுகளிற் கடந்த நாற்பது ஆண்டுகளாக வளர்ந்து வருகின்றது. அமெரிக்க உளவியலறிஞரான வில்லியம் மில்லர் 1982-இல் நோர்வேயில் இளம் உளவியலாளர் சிலரோடு உரையாடியபோது, குடிப்பழக்கமுடையோருடன் தாம் பேசும் முறையை விளக்க நேர்ந்தது. தாம் அறியாமலே கைக்கொண்டிருந்த முறையை அவர்களின் கேள்விகளால் அறிந்து கொண்ட அவர், அடுத்த ஆண்டில் அதனைக் கட்டுரையாக எழுதினார். பின்னர் வேல்சில் பணியாற்றிய ஸ்டீவன் றொல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் நூலாக்கினார். ஊக்க நேர்காணல் என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

அதன் சாரம் எளியது. பழக்கத்தை மாற்ற வேண்டிய மனிதனுள்ளே இரண்டு குரல்கள் உள்ளன. மாறவேண்டும் என்பது ஒன்று. மாற முடியாது என்பது மற்றொன்று. வைத்தியர் முதலாவது குரலைத் தாமே எடுத்துக்கொண்டு வாதாடினால், நோயாளிக்கு எஞ்சியிருப்பது இரண்டாவது குரல்தான். அவர் அதனை வாய்விட்டுச் சொல்வார். சொல்லச் சொல்ல அதிலேயே உறுதிப்படுவார். அல்லது, வைத்தியரை எதிர்த்துப் பேசப் பழகாத எம் நாட்டு ஏழை மூதாட்டியாயின், "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்குரலைத் தம்மோடு வீட்டுக்குக் கொண்டு செல்வார். பிழையைக் கண்டவுடன் திருத்தத் துடிக்கும் மனப்பாங்கை இம்முறையினர் வைத்தியருக்குரிய முதலாவது இடையூறாகக் கருதுகின்றனர். (ஆசிரியர்கள் இவ்விடத்திற் சற்று நிறுத்தித் தம்மைப் பற்றிச் சிந்திக்கலாம்.) திறந்த கேள்வி கேட்டல், நோயாளியின் முயற்சியை மதித்துக் கூறல், அவர் சொன்னதன் பொருளை அவருக்கே திருப்பிக் காட்டல், இடையிடையே தொகுத்துரைத்தல் என்பன மாணவர் பயிலவேண்டிய திறன்கள். தகவல் கூறுமுன் அனுமதி கேட்பதும், கூறியபின் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதும் அதன் ஒழுக்கம்.

சாதாரண அறிவுரையாற் பயனே இல்லை என்று இதிலிருந்து முடிவுசெய்வது தவறாகும். 1979-இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், பொது வைத்தியர்கள் 28 பேரிடம் வந்த புகைப்போர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோரை மைக்கேல் றசலும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். எதுவும் சொல்லப்படாதோரில் 0.3 வீதத்தினரே உடனடியாகப் புகைத்தலை விட்டு ஓராண்டு வரை விலகியிருந்தனர். வைத்தியர் ஓரிரு நிமிடம் எடுத்துச் சொல்லி, துண்டுப்பிரசுரம் ஒன்றையும் கொடுத்து, பின்னர் விசாரிக்கப்படும் என்றும் கூறியோரில் 5.1 வீதத்தினர் அவ்வாறு விலகியிருந்தனர். ஐந்து வீதம் சிறு தொகைதான். ஆயினும் ஒரு நாட்டின் வைத்தியர்கள் எல்லாரும் சொன்னால் அது பல்லாயிரம் உயிர். ஆகவே வைத்தியரின் சொல்லுக்கு வலு உண்டு. எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரிடம் அச்சொல் ஏன் தோற்றது என்பதே மாணவர் கற்கவேண்டிய பாடம்.

எம் மாணவரின் தாள்களைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்தேன். அடுத்தமுறை அந்த மூதாட்டியைச் சந்தித்தால் அறிவுரை எதுவும் கூறாமல் ஒரேயொரு கேள்வி கேட்டுவரும்படி சொன்னேன். "காலமை எழும்பினதிலையிருந்து உங்கடை நாள் எப்பிடிப் போகுது, அம்மா?" என்பது அக்கேள்வி. அவர் போய்க் கேட்டார். வந்து சொன்னார். மூதாட்டியின் மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கிற்குச் சென்றிருக்கிறார். பேரப்பிள்ளைகள் மூவரைப் பாட்டியே வளர்க்கிறார். காலையிற் பாண் வாங்கினால் அது பிள்ளைகளுக்கு. தமக்குச் சீனி போட்ட வெறுந்தேநீர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வெறும் வயிற்றிற் குளிசையைப் போடுவார். சற்று நேரத்தில் உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். உடனே இன்னும் இரண்டு கரண்டி சீனி கரைத்துக் குடிப்பார், மயக்கம் தெளியும். ஆதலாற் சில நாட்களிற் குளிசையை விட்டுவிடுவார். "சீனியைக் குறையுங்கோ எண்டு தம்பி சொல்லேக்கை, அந்தச் சீனிதான் என்னை எழுப்பி நிப்பாட்டுது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாராம்.

நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் குளிசைகளுட் சில, உணவின்றி உட்கொண்டாற் குருதியிலுள்ள சீனியை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும் என்பதை எம் மாணவர் மருந்தியற் சோதனையில் எழுதிச் சித்தியடைந்தவர். அவரிடம் அறிவு இருந்தது. மூதாட்டியிடம் செய்தி இருந்தது. இரண்டுக்கும் இடையே பதினாறு ஏவல் வினைமுற்றுக்கள் நின்றன.

ஈழத்து இலக்கிய வரலாற்றை அறிந்தோருக்கு இக்கதை புதிதன்று. 1954-இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய பின்னர் இரு தசாப்தங்களாக நடைபெற்ற விவாதங்களில், முற்போக்காளர் பிரசாரம் செய்கின்றனர், பாத்திரங்களைப் பேசவிடாமல் தாமே பேசுகின்றனர் என்ற குற்றச்சாட்டுத் திரும்பத் திரும்ப எழுந்தது. அக்குற்றச்சாட்டிற் காழ்ப்பு இருந்தது. ஓரளவு உண்மையும் இருந்தது. கதையின் இறுதியிலே தொழிலாளி ஒருவன் எழுந்து கட்சிப் பத்திரிகையின் மொழியிற் பேசினால் வாசகனும் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவான். எம் சிறந்த எழுத்தாளர்கள் இதனை உணர்ந்தார்கள். மக்களின் பேச்சுமொழியை எழுத்துக்குக் கொண்டுவரப் போராடினார்கள். மண்வாசனை என்பது வெறும் அலங்காரமன்று. எழுதுபவன் முதலிற் கேட்டான் என்பதற்கான அத்தாட்சி அது. உபதேசிக்கும் வைத்தியரும் கோஷம் எழுதும் எழுத்தாளனும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: தாம் யாருக்காகப் பேசுகிறார்களோ அம்மனிதனையே அவர்கள் காண்பதில்லை.

இவ்விரு துறைகளும் ஒருவரிடத்தே சந்தித்ததற்கு எம்மிடையே எடுத்துக்காட்டு உண்டு. நந்தி என்ற புனைபெயரில் எழுதிய பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் (1928-2005) யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவத்தைக் கற்பித்தவர். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட "மலைக்கொழுந்து" நாவலின் ஆசிரியரும் அவரே. பெண்களுக்காக அவர் எழுதிய நலவியல் நூல்களின் தலைப்புக்களைப் பாருங்கள்: "அருமைத் தங்கைக்கு", "நந்தினி உன் குழந்தை". பாடநூலுக்குரிய பெயர்களல்ல இவை. ஒருவரை விளித்துப் பேசும் பெயர்கள். சுகாதார அறிவை யாருக்குச் சொல்கிறோம் என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அவரோடு ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்ட பின்னரே சொல்லத் தொடங்க வேண்டும் என்ற தெளிவு தலைப்பிலேயே தென்படுகின்றது. புனைகதை எழுதிய கைக்குத்தான் இது இயலும்.

ஆயினும் அவ்விளிப்பையும் நாம் விமரிசனத்திற்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளல் வேண்டியதில்லை. எம் சமூகத்தில் அண்ணன் தங்கைக்கு அன்பு காட்டுபவன், கட்டளையிடுபவனும் அவனே. தங்கை மறுமொழி எழுதும் நூல் எமக்கு இன்னும் வேண்டியிருக்கின்றது. முன்னோர் அமைத்த படியில் நின்றுகொண்டு அடுத்த படியைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகாது.

இதுவரை கூறியவற்றால், மருத்துவ மாணவர்க்கு இனிமையாகப் பேசப் பயிற்றினாற் போதும், நோய்கள் தாமே விலகும் என்று நான் கருதுவதாக எண்ணலாகாது. உபதேசம் ஒரு பிழையென்றால், சமுதாயத்தை மறந்த உரையாடல் அதனினும் நுட்பமான பிழை. நோயாளியின் ஊக்கம், மனவுறுதி, தெரிவு ஆகியவற்றையே ஓயாது பேசும் முறை, மாறாவிட்டால் அது அவர் குற்றமே என்ற முடிவுக்கு மாணவரை மெல்லக் கொண்டு செல்லும். மென்மையான குரலிற் சொல்லப்பட்டாலும் பழி பழியே.

1848-இல் புருசிய அரசு, மேல் சிலேசியாவிற் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயுமாறு ருடோல்ப் விர்கோ என்ற இளம் வைத்தியரை அனுப்பியது. அவர் எழுதிய அறிக்கையில் மருந்துப் பெயர்கள் முதன்மை பெறவில்லை. முழுமையான ஜனநாயகம், கல்வி, சுதந்திரம், செழிப்பு என்பனவே அவர் எழுதிய மருந்துச்சீட்டு. எம் நாட்டிலும் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்த சூரியமல் இயக்கத்தினர் அங்கு கண்டது காய்ச்சலை மாத்திரமன்று; காய்ச்சலுக்கு முன்பே அவ்வுடல்களைத் தின்றிருந்த பசியையும் கண்டனர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற வைத்தியர், நல்ல மருத்துவ வசதி அது மிக வேண்டியவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கின்றது என்ற விதியை 1971-இல் வகுத்தார். அறிவுரைக்கும் அவ்விதி பொருந்தும். அதனைப் பின்பற்ற வசதியுள்ளவனே முதலிற் பயனடைகிறான். புகைத்தலின் தீங்கு 1950-களில் நிறுவப்பட்டபோது பிரித்தானியாவில் வைத்தியர்கள் முந்திக்கொண்டு விட்டார்கள். தொழிலாளர் நெடுங்காலம் பின்தங்கினார்கள். வைத்தியர்களுக்கு மனவுறுதி கூடவென்பதா இதற்குக் காரணம்?

2022-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அந்நாட்களிலும் கிளினிக்குகளில் "மீன், பழம், காய்கறி கூடச் சாப்பிடுங்கள்" என்ற துண்டுப்பிரசுரம் கொடுக்கப்பட்டிருக்குமாயின், அது அறிவுரையாகுமா, ஏளனமாகுமா? யாழ்ப்பாணத்திற் புகையிலை தலைமுறை தலைமுறையாகப் பயிராகும் மண்ணில், தோட்டக்காரனிடம் சுருட்டின் தீமையைச் சொல்லும் மாணவர், அவன் பிள்ளையின் பள்ளிச் செலவு எந்தப் பயிரிலிருந்து வருகின்றது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். மலையகத்தில் லயன் அறையொன்றில் வாழும் தொழிலாளிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு கூறுபவர், விறகையும் வேலை நேரத்தையும் கணக்கிடல் வேண்டும்.

தனிமனிதரின் செவியில் ஓதுவதாற் செய்ய இயலாததைப் பொதுச்சட்டம் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடைசெய்தது. 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாயிற்று. அந்தச் சிறிய சிவப்புப் புள்ளி யாரையும் கடிந்து பேசுவதில்லை. பானத்தைத் தயாரித்தவனைத்தான் பேச வைக்கின்றது. இத்தகைய நடவடிக்கைகளுக்காகக் குரல் கொடுப்பதும் நோய்த்தடுப்பு மருத்துவத்தின் பகுதி என்று மாணவர் அறிதல் வேண்டும்.

எனவே கற்பித்தலில் மாற்றப்பட வேண்டியவை எவை? முதலாவது, மதிப்பீடு. எத்தனை அறிவுரைகள் கூறினார் என்று எண்ணிப் புள்ளி வழங்கும் வரையில் மாணவர் கூறிக்கொண்டேயிருப்பார். நோயாளியைப் பற்றி அவர் புதிதாக அறிந்தது என்ன என்று கேட்கப்படல் வேண்டும். நடிக்கும் நோயாளியும் எப்பொழுதும் "ஓம்" சொல்லுதல் ஆகாது.

இரண்டாவது, இடம். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் கிளினிக்கின் இரண்டு நிமிடத்தில் உரையாடலின் அருமையைக் கற்க முடியாது. கல்விக்காலத்தில் ஒரு குடும்பத்தையேனும் வீட்டிற் சென்று தொடர்ந்து சந்திக்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் முறையாக அமைதல் வேண்டும். அடுப்பங்கரையைக் கண்டவர் உணவட்டவணையை வேறுவிதமாக எழுதுவார். அதே வேளை, அந்த இரண்டு நிமிடம் ஏன் இரண்டு நிமிடமாகவே இருக்கின்றது என்பதும் கேட்கப்படல் வேண்டும். காலத்தின் குறையை மாணவரின் பண்பின் குறையாகக் காட்டுவதும் ஒருவகை மோசடியே.

மூன்றாவது, மொழி. எம் பிள்ளைகள் உயர்தரம் வரை தாய்மொழியிற் பயின்று மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்திற் கற்கிறார்கள். நோயை ஆங்கிலத்தில் அறிந்து, நோயாளியைத் தமிழிலோ சிங்களத்திலோ சந்திக்கிறார்கள். இடையிலுள்ள பாலத்தைக் கட்டுவதற்கு யாரும் கற்பிப்பதில்லை. ஆகவே நினைவில் எஞ்சிய பாடசாலைத் தமிழையே பேசுகிறார்கள். "சீனி வருத்தம்" என்று மூதாட்டி சொன்னால், அதனைத் திருத்தி "நீரிழிவு" என்று சொல்லிக்கொடுப்பதா, அந்தச் சொல்லையே பற்றிக்கொண்டு அவரது உலகினுள் நுழைவதா? தமிழ்ப் பிரதேசத்திற் பணிபுரிய வரும் சிங்கள மாணவரும், தெற்கிற் பணிபுரியச் செல்லும் தமிழ் மாணவரும் மற்ற மொழியின் இலக்கணத்தை மாத்திரமன்றி அம்மொழியில் ஏழைகள் எவ்வாறு "இல்லை" என்று சொல்லாமலே மறுப்பார்கள் என்பதையும் கற்றல் வேண்டும். இதிற் சிறுகதைக்கு ஒரு பங்குண்டு. நல்ல சிறுகதையைப் படித்தவனுக்கு, பாத்திரம் சொல்லாததைக் கேட்கும் பழக்கம் ஏற்படும். மருத்துவ பீடத்தில் அதற்கு இடம் கேட்குமுன், எம் வகுப்பறையில் அதற்கு இடம் கொடுப்போம். பாத்திரப் பண்பை விளக்குக என்று கேட்டு, குறிப்பை மனனம் செய்து எழுத விடுவதை நிறுத்துவோம்.

அம்மூதாட்டியின் கதையில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. மாணவர் தாம் கேட்டதைச் சிரேஷ்ட வைத்தியரிடம் தெரிவித்தார். குளிசையும் அதை உட்கொள்ளும் நேரமும் மாற்றப்பட்டன. மயக்கம் நின்றது, தேநீரிற் சீனி ஒரு கரண்டியாகக் குறைந்தது. மகள் இன்னும் வெளிநாட்டிலேதான் இருக்கிறார். காலைப் பாண் இன்னும் பிள்ளைகளுக்குத்தான் போகின்றது. அவற்றை மாற்றும் மருந்து வைத்தியசாலையின் மருந்தறையில் இல்லை. அது வேறோர் இடத்தில், வேறு பலர் சேர்ந்து செய்யவேண்டிய மருந்து.

ஆனால் ஒரு மாற்றத்தை மாணவர் எனக்குச் சொன்னார். கடைசியாகச் சந்தித்தபோது, மாலையிற் சிறிது தூரம் நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூதாட்டி "ஓம் தம்பி" என்று தொடங்கி, சற்று நிறுத்தி, "ஆனா, பின்னேரம் பிள்ளையளை ஆரிட்டை விட்டிட்டுப் போறது?" என்று கேட்டாராம். இரண்டு மாதங்களில் அவர் வைத்தியரிடம் கேட்ட முதலாவது கேள்வி அது. அதற்கு உடனடியான விடை மாணவரிடம் இருக்கவில்லை. இருவரும் சேர்ந்து யோசித்தார்கள் என்றார்.